ரத்த சம்பந்த ஜாமீன்

ஷோபனாவுக்குப் பொறாமை பிறவிக் குணம். ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் அவள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கினால் இவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. கூடப் படித்தவளுக்குப் பின்னல் இடுப்பைத் தொட்டது என்ற ஒரே குற்றத்துக்காக ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தவள். அதற்காகக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. எவள் மேல் பொறாமையோ அவளுக்கே காய்ச்சல் என்றால் முதல் ஆளாகக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போவாள். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்டு ஃபேன் மட்டும் எப்படித்தான் சத்தமே இல்லாம சுத்துதோ" என்று ஒரு பெருமூச்சையும் விட்டுவிட்டு வருவாள்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனபோதுதான் உத்தமனைப் பார்த்தாள். லேத் பட்டறையில் வேலை. மண்ணூர்பேட்டைக்காரன். இன்றைக்குப் பட்டறைகள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் நெல் விளைத்த குடும்பம். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, பத்து வயது மூத்த அக்கா நாகம்மாள்தான் தூக்கி வளர்த்தாள். ஷோபனா அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, தன் அப்பா பட்டாபிராமில் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்த நாகம்மாள் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போனாள். பிறகு பதினாறு வருஷம் ஓடியது. பிள்ளை இல்லை. அந்த ஒரு விஷயத்தை நாகம்மாள் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. ஆனால் கேட்காமல் இருப்பதிலேயே கேள்வி இருக்கிறது என்று ஷோபனா நினைத்தாள். உத்தமன் மண்ணூர்பேட்டைக்குப் போய்விட்டு வந்த நாளெல்லாம் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன. அவன் போவதைக் குறைத்துக்கொண்டான்.

இப்படியே போயிருக்கும். போன ஆடியில் மண்ணூர்பேட்டை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று மைக் செட் யார் பக்கம் கட்டுவது என்பதில் தகராறு வந்தது. ஒருவன் மண்டை உடைந்தது. விலக்கிவிடப் போனதாக உத்தமன் சொல்கிறான். போலீஸ் எழுதிய நாலு பேரில் அவன் மூன்றாவது எதிரி. எறும்பை மிதித்தால்கூட மூன்று தரம் திரும்பிப் பார்க்கிற மனுஷனை 'எதிரி' என்று எழுதிவிட்டார்களே என்று ஷோபனா ஸ்டேஷன் வாசலில் கத்தினாள். குற்றம் சாட்டப்பட்டவனைப் போலீஸ் பாஷையில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அங்கே இருந்த ஏட்டு பொறுமையாகச் சொன்னார். அவள் கற்ற முதல் வார்த்தை அது.

பதினோரு நாள் உத்தமன் ஜெயிலில் கிடந்த பிறகு மேல் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. பூந்தமல்லியில் வக்கீல் குமாஸ்தா ஜம்புலிங்கம் உத்தரவைப் படித்துச் சொன்னார். ஷோபனா வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தயாராக நீட்டினாள். தன் வீட்டை வைத்துத் தன் புருஷனை வெளியே எடுக்கப் போகிறோம் என்ற பெருமையில் அன்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இத்த வெச்சிக்கம்மா," என்றார் ஜம்புலிங்கம். "உத்தரவுல ரத்த சம்பந்த ஜாமீன் கேட்டுகீறாங்க. நீ சம்சாரம். சம்சாரம் ரத்தம் ஆவாது. அவரு கூடப் பொறந்தவங்க ஆராச்சும் கீறாங்களா?"

ஷோபனாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. பதினாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் ரத்தம் இல்லை. ஒரு குழந்தை பிறந்திருந்தால் அதன் உடம்பிலாவது இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாக ஓடியிருக்கும். அதுவும் இல்லை. அப்படியென்றால் தனக்கும் அவனுக்கும் நடுவே கோர்ட் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒன்றுமே இல்லையா என்று நினைத்தபோது அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

மறுநாள் நாகம்மாள் வந்தாள். மண்ணூர்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவள். காலை ஷிப்டுக்குப் போகிற எஸ்டேட் ஆட்கள் பாதிப்பேருக்கு அவள் இட்லிதான். மாவு வாடையோடு, ஒரு ஜவுளிக்கடைப் பையில் வீட்டுப் பத்திரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, எதிரிக்கு என்ன உறவு என்று கேட்டதற்கு "கூடப் பொறந்தவம்மா" என்று சொல்லி, பிணைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள். உத்தமனோடு வேலை செய்கிற துலுக்கானம் இன்னொரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். அன்று சாயங்காலம் ஜெயில் வாசலில் வெளியே வந்த உத்தமன் "யக்கா" என்று நாகம்மாள் தோளில் சாய்ந்து அழுதான். ஷோபனாவைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். அந்த 'சாப்ட்டியா'வை ஷோபனா பல மாதம் மென்றுகொண்டிருந்தாள்.

அதோடு விட்டாளா நாகம்மாள்? வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு வரத் தொடங்கினாள். மந்தாரை இலையில் கட்டிய இட்லியோடு வந்து, மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் காது கூர்மை. மூன்றாவது வாய்தாவில் பக்கத்தில் இருந்த வேறு கேஸ்காரிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எஸ்ஐ லீவாம், சாட்சிக்கு சம்மன் போவலியாம். இன்னிக்கும் வாய்தாதான். நீ கெளம்பு, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும்."

சொன்னபடியே வாய்தாதான் விழுந்தது. உத்தமன், "எங்கக்கா பாதி வக்கீலாயிட்ச்சி," என்று சிரித்தான். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அவனுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

ப்ளஸ் டூ படித்தவள் சும்மா இருப்பாளா? அன்றைக்கே ஷோபனா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் லீவு போட்டுவிட்டு சீக்கிரமே வந்து, ஜம்புலிங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஜம்புலிங்கம் முப்பது வருஷ குமாஸ்தா. அவரிடம் இதுவரை யாரும் இப்படி மாணவி மாதிரி உட்கார்ந்ததில்லை. டீயும் நன்றாக இருந்தது.

"எஃப்ஐஆர்ன்றது மொத மொத போலீஸ் காதுல உழுந்த சேதி. அவ்ளோதான். அது உண்மையா பொய்யான்னு அதுக்கே தெரியாது. குற்றப்பத்திரிகைன்றது போலீஸ் விசாரிச்சி முட்ச்சி, கதைய முழுசா எழுதி கோர்ட்டு கையில குடுக்கறது. கதைதாம்மா, தீர்ப்பு இல்ல."

"மகசர்?"

"சம்பவம் நடந்த எடத்துல இன்னா இருந்துச்சு, இன்னா எடுத்தாங்கன்னு அங்க கீற ரெண்டு பேர சாட்சி வெச்சி எழுதறது. ஒங்க கேசுல மைக் ஸ்டாண்டு எடுத்த மகசர்."

"பிறழ் சாட்சி?"

"போலீஸ் சாட்சி கூண்டுல ஏறி, 'நான் ஒண்ணும் பாக்கல சாமி'ன்னுட்டா பிறழ் சாட்சி. நமக்கு பாயாசம்."

ரிமாண்டு, குறுக்கு விசாரணை, ராஜி, பிடிவாரண்ட் என்று நோட்டு வளர்ந்தது. சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஐந்து வார்த்தை மனப்பாடம் செய்தாள். இதெல்லாம் உத்தமனைக் காப்பாற்றவா என்றால் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற அந்த ஒருத்தியை வெல்ல. அடுத்த வாய்தாவில் இலையைப் பிரிக்கிற நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"விடுதலைன்னா ரெண்டு வகை அண்ணி. வழக்கை நிரூபிக்கவே இல்லைன்னு விடறது ஒண்ணு. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடறது இன்னொண்ணு. ரெண்டும் வேற வேற."

நாகம்மாள் தம்பிக்கு நாலாவது இட்லியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டுல எதுல வுட்டாலும் ஊட்டுக்குத்தான வருவான்?"

உத்தமன் புரையேறச் சிரித்தான். நோட்டு மொத்தமும் ஒரு இட்லியிடம் தோற்றது. அன்றைக்கு ஷோபனா வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. தலைவலி என்றாள்.

அந்தத் தலைவலியில்தான் யோசனை பிறந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். அவள் கேடு என்று நினைக்கவில்லை, உரிமை என்று நினைத்தாள். அடுத்த முறை ஜம்புலிங்கத்திடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள், ஜாமீன் போட்டவர் நடுவில் விலக முடியுமா என்று.

"முடியும். மனு போடணும். கோர்ட்டு எதிரியக் கூப்ட்டு, வேற ஜாமீன்தாரரக் கொண்டான்னு கேக்கும். கொண்டாந்தா சரி. இல்லாங்காட்டி உள்ளதான்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வேற ஜாமீன்தாரர்தான் பட்டாபிராமில் சொந்த வீட்டோடு இருக்கிறாளே. ரத்த சம்பந்தம் கேட்டது ஜெயிலிலிருந்து வெளியே விடுவதற்கு. இப்போது அவர் வெளியேதானே இருக்கிறார்? இனிமேல் எதற்கு ரத்தம்? இந்தச் சட்டத்தை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதவில்லை, ஷோபனாவே எழுதினாள். ஜம்புலிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் மனசில் இருப்பது வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் போனாள். நாகம்மாள் கடையை முடித்து இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஷோபனா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவர் ஒரு மாதிரி பேசறார் அண்ணி. பெங்களூர்ல வேலை இருக்காம், கோர்ட்டு கேஸெல்லாம் விட்டுட்டுப் போயிடலாம்ங்கறார். வாய்தாவுக்கு வரலைன்னா பிடிவாரண்ட் வரும். அப்புறம் பிணைப் பத்திரத்தைப் பறிமுதல் பண்ணி, ஜாமீன் போட்டவங்க மேல நடவடிக்கை எடுப்பாங்க. உங்க வீடு ஏலத்துக்குப் போகும். எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்றேன்."

சட்டம் முழுக்கச் சரி. பெங்களூர் மட்டும் பொய்.

நாகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். புருஷன் விட்டுப் போனது அந்த ஓட்டு வீடு ஒன்றுதான். அதன் வாசலில்தான் கடை, அதில்தான் பிழைப்பு. "அவனா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவன் வாயால?"

"ஆமா அண்ணி."

நாகம்மாள் தட்டை மறுபடி எடுத்துக் கழுவத் தொடங்கினாள். பஸ் ஏறும்போது ஷோபனாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. ஆவடியைத் தாண்டும்போது கொஞ்சம் பயம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பயத்தையும் விழுங்கிவிட்டாள்.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. மரத்தடியில் நாகம்மாள் இல்லை. கோர்ட்டுக்குள் வேறொரு வக்கீலோடு நின்றாள். ஜாமீனிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்ற அவள் மனு படிக்கப்பட்டபோது உத்தமன் திரும்பி அக்காவைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தான். நாகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஜாமீன்தாரர் உண்டா என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். ஷோபனா முன்னால் போனாள். கையில் ரசீது, மேலே அதே நல்ல புடவை.

"எதிரிக்கு என்ன வேணும் நீங்க?"

"மனைவிம்மா."

அவர் உத்தரவைப் புரட்டினார். "ஒருத்தர் ரத்த சம்பந்தமா இருக்கணும்னு மேல் கோர்ட்டுல சொல்லியிருக்காங்க. அதை மாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. வேற யாராவது கூடப் பிறந்தவங்க?"

யாரும் இல்லை. நிபந்தனையைத் தளர்த்த மேல் கோர்ட்டில் மனு போடுவதாக உத்தமனின் வக்கீல் கிருஷ்ணப்பிரியா எழுந்து சொன்னார். போடுங்கள், அதுவரை ரிமாண்டு என்று மாஜிஸ்திரேட் எழுதினார். கான்ஸ்டபிள் உத்தமனின் கையைப் பிடித்தார். ரிமாண்டு என்றால் என்ன என்று நோட்டில் ஒன்பதாம் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது. அதன் அர்த்தம் ஷோபனாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜம்புலிங்கம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. ஒங்க நாத்தனாரு இன்னாத்துக்கு இப்டி பண்ணுச்சின்னே புரிலம்மா," என்றார். பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "ஒனக்கு ஜாமீன் போட ஆசன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ரெண்டு ஜாமீன்ல ஒண்ணுதான் ரத்த சம்பந்தம். இன்னொண்ணு ஆர் வேணா போடலாம். நீ மூஞ்சத் திருப்பிகினு போய்ட்ட, அதான் துலுக்கானத்த இட்டாந்தோம்."

ஷோபனாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உத்தரவை அன்று அவர் முழுசாகத்தான் படித்திருக்கிறார். ரத்தம் என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு இரண்டு என்ற வார்த்தை இவள் காதில் ஏறவே இல்லை. இடம் இருந்திருக்கிறது. நாகம்மாளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் நிற்க இவளுக்கு மனசில்லை, அவள் நிற்கிற இடமே வேண்டும் என்று போய், கட்டியவனை உள்ளே தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை காலை மண்ணூர்பேட்டையில் கடை திறக்கவில்லை. கதவைத் தட்டி உள்ளே போன ஷோபனா, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெங்களூர் என்று அவர் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். உங்களை விலக வைக்கத்தான் சொன்னேன். நீங்க ஜாமீன் நின்னது எனக்குப் பொறுக்கல. சொல்லி முடித்துவிட்டு, அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.

நாகம்மாள் கை ஓங்கவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"அப்ப அவன் ஓடிடறேன்னு சொல்லவே இல்ல?"

"இல்ல அண்ணி."

"என் ஊடு போனா போவுதுன்னு அவன் நெனைக்கல?"

"சத்தியமா இல்ல."

நாகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி," என்றாள். "திங்கக்கெயம வரேன். இப்ப நீ என் கண்ணு முன்னால நிக்காத. போ."

திங்கட்கிழமை பழைய பையோடு வந்து நின்றவளை மாஜிஸ்திரேட் அம்மா சும்மா விடவில்லை.

"போன வாரம் வேண்டாம்னு மனு போட்டீங்க. இந்த வாரம் போடறேன்னு வர்றீங்க. கோர்ட் என்ன விளையாடற இடமா? உங்களை யாராவது மிரட்டினாங்களா? ஏதாவது பொய் சொல்லி விலக வெச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷோபனா முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கூண்டில் நின்ற உத்தமன் தலையைத் தூக்கினான். நாகம்மாள் மெதுவாகத் திரும்பி, பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்வை ஷோபனாவிடம் வந்து ஒரு கணம் நின்றது.

"ஆரும் இல்லம்மா," என்றாள். "நான் படிக்காதவ. ஊடு பூடுமோன்னு நானேதான் பயந்துகினேன்."

மாஜிஸ்திரேட் நன்றாகத் திட்டினார். அத்தனையையும் நாகம்மாள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு கைநாட்டு வைத்தாள்.

விடுதலை உத்தரவு ஜெயிலுக்குப் போய்ச் சேர நேரமாகும் என்று ஜம்புலிங்கம் சொன்னதால் ஷோபனாவும் நாகம்மாளும் ஜெயிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் காத்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று ஷோபனாவுக்குத் தெரியும். ஆனால் மனசு கேட்டால்தானே? இங்கேயும் இவள்தான் ஜெயித்தாள், பெருந்தன்மையிலும் என்னை மிஞ்சிவிட்டாள் என்றுதான் ஓடியது. அடக்க முடியாமல் கேட்டாள்.

"ஏன் அண்ணி சொல்லல? சொல்லியிருந்தா என்னை உள்ளே போட்டிருப்பாங்க இல்ல?"

"போட்டா?" நாகம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. "வெளிய வந்தவன் ஷோபனா எங்க, ஷோபனா எங்கன்னு என் உசுர எடுப்பான். எஸ்டேட்டுக்கே நான்தான் ஆக்கிப் போடறேன். அவன் மட்டும் பதினாறு வருசமா என் கையால துன்னல. எப்பனா வருவான், வாசல்லயே நிப்பான். 'சாப்டுடா'ன்னா, 'அங்க மீன் கொயம்பு வெச்சிருக்கும் யக்கா, சாப்டாம போனா சங்கடப்படும்'ன்னுட்டு ஓடுவான். எனக்கு அப்டியே எரியும். கதவ சாத்திகினு அயுவேன். நீ நாசமாப் போவணும்னுகூட வேண்டிகினு கீறேன், போ. கோர்ட்டுல அக்கா வேணும்னு கேட்டானுங்க பாரு, அன்னிக்குத்தான் எனக்கு சோறு எறங்குச்சி. அந்த மரத்தடியில ரெண்டு இட்லி ஊட்ட எனக்கு ஒரு கேசு தேவப்பட்டுது."

ஷோபனாவுக்கு முகம் குன்றிப்போயிற்று. ஒரு தடவையாவது இந்த மனுஷியை வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டிருக்கிறோமா என்று நினைத்தாள். இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வெட்கத்துக்கும் அழுகைக்கும் அடியில் வேறொன்று பொங்கிப் பொங்கி வந்ததே, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஊரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளைப் பார்த்தும் ஒருத்தி பதினாறு வருஷம் வயிறெரிந்திருக்கிறாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடுவில் இருந்த இடத்தை நிரப்பி நாகம்மாள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் குழம்பைச் சொன்னார் அண்ணி? சங்கராவா, வஞ்சிரமா?"

நாகம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"ஒன்ன உள்ளதான் போட்ருக்கணும்," என்றாள்.